காட்டுப் பூண்டும் ரேணுகாவின் தேன் பாட்டிலும்

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி சட்டென்று பின்னால் நகர்ந்தார். "என்னம்மா இது, பூண்டு வாசனை?" என்றார். பூண்டுதான் என்றேன். "லண்டன்லேர்ந்து டேப் ரெக்கார்டர் கொண்டு வருவாங்க, சென்ட் பாட்டில் கொண்டு வருவாங்க. பூண்டு கொண்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்று பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தியை ஜெயிப்பதற்காக நான் கடல் தாண்டிக் கொண்டு வந்த சாமான் அது.

அந்த ஒருத்தியின் பெயர் ரேணுகா. என் கணவர் முனிரத்தினத்துக்குத் தாய்மாமன் மகள். சித்தூர் பக்கத்தில் பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறாள். முறைப்படி அவர் கட்டியிருக்க வேண்டியது அவளைத்தான். ஆனால் பெங்களூரில் ஓட்டல் சமையல்காரராக இருந்தபோது, எதிர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என்னைப் பார்த்துவிட்டார். நான் நாகர்கோவில்காரி. இரண்டு வீட்டிலும் ரகளை நடந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊரில் கண்ட இடத்திலெல்லாம் பாஸ்போர்ட் பேச்சு, வெளிநாட்டு வேலைப் பேச்சு. நாங்களும் கிளம்பிவிட்டோம். ரேணுகாவுக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணமானது. இப்போது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் அவர் தோசை சுடுகிறார், நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன்.

நாங்கள் போன இரண்டாவது வருஷத்திலிருந்து ரேணுகாவின் பாட்டில் வர ஆரம்பித்தது. தோல் உரித்த ஒற்றைப் பல் பூண்டு, தேனில் ஊறியது. பெங்களூரிலிருந்து ஓட்டல் வேலைக்கு வருகிறவர்கள் யாராவது துண்டில் சுற்றிக் கொண்டு வந்து தருவார்கள். மேலே ஒட்டிய காகிதத்தில் 'முனிரத்தினம், லண்டன்' என்று இருக்கும். லண்டன் எங்களுக்கு எவ்வளவோ தூரம். பங்காருபாளையத்துக்கு அது எல்லாம் ஒன்றுதான்.

தினமும் காலையில் அவர் ஒரு பல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "எங்க ஊரு காட்டுப் பூண்டு. ரத்தத்த சுத்தம் பண்ணும், நெஞ்சுக்கு பலம்" என்பார். அந்தக் கண் மூடலைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். நான் எத்தனையோ சமைத்துப் போட்டிருக்கிறேன். எதற்கும் அவர் கண்ணை மூடியதில்லை. எனக்கு ஒரு பல் வேண்டுமா என்று கேட்டதும் இல்லை. நானாகக் கேட்பேனா?

இதற்குப் பதிலடியாக எனக்குக் கிடைத்ததுதான் நிஜமான காட்டுப் பூண்டு. எங்கள் இங்கிலாந்து ஊர் ஓடைக்கரையில் பனிக்காலம் முடிந்ததும் மரங்களுக்கு அடியில் தரை முழுக்கப் பச்சை இலை முளைக்கும். பிறகு வெள்ளை நட்சத்திரம் போலப் பூக்கும். நடந்து போனாலே பூண்டு மணக்கும். அங்கே பூண்டைத் தோண்டுவதில்லை, இலையைத்தான் தின்கிறார்கள். குளிர்காலத்து மந்தம் போகும், செரிமானத்துக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்று எங்கள் இல்லத்துக் கிழவிகள் சொல்வார்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்வார்கள். அதே மாதிரி இலையுள்ள இன்னொரு செடி உண்டு, அதைத் தின்றால் இதயமே நின்றுவிடலாம். கசக்கி முகர்ந்து பார்த்தால் தெரியும் என்று நம்ப முடியாது. நாலு இலை பறித்ததும் நம் கையே பூண்டாக நாறும். காட்டுப் பூண்டின் ஒவ்வொரு இலையும் தனிக்காம்பில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் பறிக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறித்து, தேங்காய்த் தூள் சேர்த்துத் துவையல் அரைப்பேன், எண்ணெயில் வதக்கித் தொக்கு கிண்டுவேன். அவர் சாப்பிட்டுவிட்டு "நல்லாத்தான் இருக்குது" என்பார். அந்த 'தான்' எனக்குப் பிடிக்காது.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் இல்லை. பனிக்காலத்தில் ஒரு நாள் கடை அடுப்பு முன்னாலேயே அவர் மயங்கி விழுந்துவிட்டார். ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். இப்படியே விட்டால் பக்கவாதத்தில் போய் முடியும் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் அதை டிராயரில் போட்டு மூடினார். "மாத்திர ஆரம்பிச்சா சாவற வரைக்கும் துன்னணும். எனக்கு ரேணு அனுப்பறது போதும்" என்றார். ஒரு இல்லம் முழுக்க இருக்கிற கிழவர்களுக்கு அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பவள் நான். என் வீட்டு ஆளின் வாயில் ஒரு மாத்திரையைப் போட முடியவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், அழுதேன். அவர் பாட்டிலைத் திறந்தார்.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் மகளுக்குத் திருப்பதியில் கல்யாணம் வந்தது. அவருக்குக் கடையில் லீவு இல்லை. எங்கள் பையனை அவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். என் தொக்கை ஊருக்கே ஊட்டி, இதுதான் காட்டுப் பூண்டு என்று காட்டிவிட வேண்டும் என்பது வெளியில் சொல்லக்கூடிய காரணம். இன்னொரு காரணத்தை விமானத்தில்தான் எனக்கே ஒப்புக்கொண்டேன். அவர் கேட்கிற ஒரே வாய் ரேணுகாவுடையது. அவளிடம் போய், என் புருஷனை மாத்திரை சாப்பிடச் சொல் என்று கேட்க வேண்டும். அதைவிடச் சித்தூர் வெயிலில் செருப்பில்லாமல் நடப்பது எனக்குச் சுலபம்.

சித்தூர் பஸ் ராணிப்பேட்டை தாண்டி டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் உட்கார்ந்தோம். ஆனி மாதம் இங்கே இப்படிக் கொளுத்தும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அங்கே பஸ் இரண்டு நிமிஷம் தாமதித்தால் வரிசையில் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே கண்டக்டரே ஒரு வெள்ளரிப் பிஞ்சை உடைத்து எனக்குப் பாதி தந்தார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருக்கிறான். "போனில் எப்போது கேட்டாலும் சாப்பிட்டேன் என்கிறான். என்ன சாப்பிட்டான் என்று மட்டும் சொல்வதில்லை" என்றார் அவர். எனக்குத் தெலுங்கு நன்றாகவே புரியும். என் கணவர் கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மாமியார் வீடு பங்காருபாளையத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு, "எளச்சிப் போய்ட்டியேம்மா" என்றார். களி உருண்டையும் நாட்டுக்கோழிக் குழம்பும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார். களியைப் பல்லில் படாமல் விழுங்க வேண்டும். நான் மென்றேன். மாமியார் மரியாதைக்காகப் பார்க்காத மாதிரி இருந்தார்.

சாப்பிடும்போதே கண் வீட்டைச் சுற்றியது. நாங்கள் அனுப்பிய மிக்ஸி அட்டைப் பெட்டியோடு பரண் மேல் இருந்தது. சமையல் மேடையில் வேறொரு மிக்ஸி. "அது ரேணு வாங்கிக் குடுத்தது. இதான் கைக்குத் தோதா கீது" என்றார் மாமியார். டெலிபோன் ரேணு எழுதிப்போட்டு வந்தது. ஃபிரிட்ஜுக்குப் போட்ட உறை ரேணு தைத்தது. கோழி கூட ரேணு அனுப்பியதுதான் என்று தெரிந்ததும் எனக்கு அந்தத் துண்டு தொண்டையில் நின்றது. என் தொக்கை எடுத்து வைத்தேன். மாமியார் விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்து, "பச்சப் புல்லு வாசன அடிக்குதேம்மா. மாட்டுக்கா?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

மறுநாள் காலை மனசைத் திடப்படுத்திக்கொண்டு மண்டிக்குப் போனேன். சாலை முழுக்க மாங்காய் டிராக்டர்கள். மூக்கு நீண்ட தோதாபுரி மலை மலையாகக் குவிந்து கிடந்தது. எல்லாம் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறது, அங்கிருந்து டப்பாவில் அடைத்துக் கப்பலில் வெளிநாட்டுக்கு என்றார் கணக்குப் பிள்ளை. அந்த டப்பாவை எனக்குத் தெரியும். எங்கள் கடையில் மாம்பழ லஸ்ஸிக்கு அதைத்தான் உடைக்கிறோம். அதாவது அங்கேயும் அவள்தான். ரேணுகாவின் நாற்காலி காலியாக இருந்தது. சுழல் நாற்காலி, அதன் முதுகில் துண்டு, முன்னால் இரண்டு டெலிபோன். நான் அதில் உட்காரவில்லை, உட்காரத் தோன்றியது.

"அவங்க மலைக்குப் போயிருக்காங்கம்மா, முடி குடுக்க. அப்படியே கல்யாணத்துக்கு வந்துருவாங்க" என்றார் கணக்குப் பிள்ளை. என்ன வேண்டுதல் என்று கேட்டேன். யாருக்கும் சொல்லவில்லை என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் உறைக்கவில்லை. ரேணுகாவின் முடி முழங்கால் வரை இருக்கும் என்று என் கணவர் ஒரு முறை, கல்யாணமான புதிதில், புத்தியில்லாமல் சொல்லியிருக்கிறார். நான் மறக்கவே இல்லை. அவர் மயங்கி விழுந்தது மாமியாருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரிந்தது ரேணுகாவுக்குத் தெரியும். ஆக, அந்த முடியை எதற்காக இறக்கியிருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்காக அவள் முழங்கால் நீள முடியைக் கொடுத்தாள், நான் ஒரு பாட்டில் புல்லைக் கொண்டு வந்திருக்கிறேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் குடும்பத்தோடு வேனில் திருப்பதிக்குப் போனோம். பாக்காலா தாண்டி வேன் புகை விட்டது. டிரைவர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பம்ப்செட்டில் தண்ணீர் பிடித்து வந்தார். அதற்குள் நாத்தனார் புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துவிட்டார். ஓடாத வேனில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். யாரோ, "இந்நேரம் ரேணு இருந்தா இந்த டிரைவர ஒரு வழி பண்ணியிருப்பா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருப்பதியில் சாயங்காலம் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனேன். ரயில் நிலையம் பக்கம் நடைபாதையில் ஒருவர் சாக்கை விரித்து வேர், பட்டை, கொட்டை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். நடுவில் வெள்ளையாக, வெங்காயம் பருமனில் கிழங்குகள். "அடவிப் பூண்டும்மா. சேஷாசலம் மலையில தோண்டுனது. பிரஷர், சுகர், நெஞ்சு வலி எல்லாத்துக்கும் ஒரே மருந்து. வெறும் வயித்துல துன்னா போதும்" என்றார். மலையில் தோண்டிய காட்டுப் பூண்டு! ரேணுகாவின் தேன் பூண்டை விட இது பெரியது. இதை அரைத்து நானே அவருக்குக் கொடுத்தால் என்ன? இங்கிலாந்தில் காம்பு காம்பாகப் பார்த்துப் பறிக்கிற நான், இதைக் கீறிப் பார்க்கவில்லை, முகர்ந்து கூடப் பார்க்கவில்லை. ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டேன்.

சத்திரத்துக்குத் திரும்ப ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே பூக்காரிகள் இருவர் என் பையைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள்.

"நரி வெங்காயத்தை எதற்கு இத்தனை வாங்கிக்கொண்டு போகிறாள்? கால் ஆணிக்குச் சுட்டு வைத்துக் கட்ட ஒன்று போதுமே."

"பூண்டு என்று சொல்லி விற்றிருப்பான். தின்று தொலைக்கப் போகிறாள். போன தடவை ஒருத்தன் தின்றுவிட்டு வாந்தியெடுத்தே ஆஸ்பத்திரிக்குப் போனான்."

"நமக்கென்ன, சொன்னால் கேட்கவா போகிறாள்? பட்டணத்துக்காரி மாதிரி இருக்கிறாள்."

கேட்டேன். காதும் முகமும் எரியக் கேட்டேன். நரி வெங்காயம் இதயத்தில் வேலை பார்க்கிற விஷம் என்று நர்ஸ் படிப்பில் படித்ததும் ஞாபகம் வந்தது. ஏற்கெனவே ஏறி நிற்கிற அழுத்தத்தோடு அதை அவர் வெறும் வயிற்றில் தின்றிருந்தால்? அவர்களிடம் தெலுங்கிலேயே நன்றி சொன்னேன். இருவரும் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். இறங்கியதும் பையை முதல் சாக்கடையில் கவிழ்த்தேன். போட்டி போதும் என்று அங்கேதான் முடிவு செய்தேன். எரிச்சல் மட்டும் போகவில்லை.

கல்யாணத்தன்று, தாலி கட்டி முடிந்து பந்தி போடும் நேரத்தில் ரேணுகா வந்தாள். நான் கற்பனை பண்ணி வைத்திருந்த ரேணுகா மெல்லிசாக, சோகமாக, கண்ணில் கேள்வியோடு இருப்பாள். வந்தவள் நல்ல பருமன். மொட்டைத் தலையில் சந்தனம், மாம்பழ நிறப் பட்டுப் புடவை, மண்டியில் ஏலம் விடுகிற குரல். என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கத்தினாள்.

"வாக்கா! எங்க மாமாவத் தூக்கிக்கினு போனவ நீதான!"

பந்தி முழுக்கத் திரும்பிச் சிரித்தது. அவர்கள் பக்கம் முறைப்பெண்ணுக்கு அப்படிக் கேலி பேச உரிமை உண்டு. பதில் பேசுவது என் கடமை. அதற்குள் அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்தாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "முடி... என்ன வேண்டுதல்?" என்றேன்.

"மாங்காக்குத்தான்க்கா. போன வருசம் வெலயே இல்ல. இந்த வருசம் ஃபேக்டரிக்காரன் நல்ல வெல குடுத்தான்னா முடி தரேன்னு வேண்டிக்கினேன். குடுத்துட்டான். நானும் குடுத்துட்டேன். தல காத்தோட்டமா கீதுக்கா, நீயும் மொட்ட போட்டுக்கினு போ."

மாங்காய்! எனக்குப் பசி திரும்பி வந்தது. போளி இரண்டு வாங்கிக்கொண்டேன். அந்தச் சத்திரத்தில் பூண்டும் வெங்காயமும் சேர்க்கக் கூடாது. பருப்பு, புளிச்சோறு, கோங்குராக் கீரை எல்லாமே பூண்டில்லாமல். பூண்டுக்காகச் சண்டைக்கு வந்தவள் பூண்டே இல்லாத இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மோர் வந்ததும் ரேணுகா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு மோரோடு விழுங்கினாள். எனக்கு அந்த அட்டையின் நிறமே போதும். எங்கள் டிராயரில் தூங்குகிற அதே மருந்து.

"இது பிரஷர் மாத்திரை இல்ல?" என்றேன்.

"ஆமாக்கா. மண்டில கத்திக் கத்தி ஏறிப் போச்சு. டாக்டரு தெனம் ஒண்ணு துன்னச் சொல்லிட்டாரு. துன்னுக்கினு இருக்கறேன்."

"அப்போ உன் பூண்டுத் தேன்?"

"அதுவும் துன்னுவேன். வாயு புடிக்காது, சளிக்கு நல்லது, வாய்க்கும் ருசியா இருக்கும். அத்த துன்னா மாத்திர வேணாம்னு எவன் சொன்னது?"

எவன் என்று சொன்னேன். அடுப்பு முன்னால் விழுந்தது, டாக்டர் சொன்னது, டிராயர், தினமும் காலையில் கண்ணை மூடிக்கொள்வது, எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, வருஷக்கணக்காக யாரிடம் தோற்கக் கூடாது என்று இருந்தேனோ அவளிடமே, "நீ சொன்னாத்தான் கேப்பார். ஒரு வார்த்தை சொல்லு ரேணுகா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மோர் மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ரேணுகா சிரிக்கவில்லை. இலையை மடித்தாள், கையைக் கழுவினாள், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். எதிர்ச்சாரியில் ஐ.எஸ்.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் ஒட்டி நின்றோம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். அங்கே அப்போது காலை நேரம், அவர் கடைக்குக் கிளம்பியிருக்க மாட்டார்.

"யோவ் மாமா, ரேணு பேசறேன். கல்யாணம் நல்லா ஆச்சு. அத்த வுடு. இன்னிக்கு மாத்திர துன்னியா?... பூண்டா? எந்தப் பூண்டு?... காட்டுப் பூண்டா? அடப்பாவி, அது பலமனேர் சந்தைல வாங்கறதுய்யா! காடும் இல்ல, மலையும் இல்ல. நானே பிரஷருக்கு மாத்திர துன்னுக்கினு கீறேன். ஒனக்கு என்ன கேடு?"

அப்புறம் சற்று நிறுத்தி, குரலை உயர்த்தினாள்.

"இரு, இரு. நீ எதுக்கு அத்த துன்ன? அது ஒனக்கா அனுப்புனேன்? அக்காக்குய்யா! புள்ள பெத்த ஒடம்பாச்சேன்னு அக்காக்கு அனுப்புனது!"

எனக்குப் புரியச் சற்று நேரமானது. பூத் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

என் பையன் பிறந்தது இங்கிலாந்து ஆஸ்பத்திரியில். பெற்றுப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஆறிப்போன டோஸ்ட்டும் ஜாமும் குளிர்ந்த பாலும் தந்தார்கள். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டியும் பூண்டும் வதக்கிப் போடுவார்கள். பால் ஊறும், வயிற்று வாயு கலையும், உடம்பு தேறும். என் அம்மா அப்போது என்னோடு பேசுவதில்லை. பூண்டு மணத்துக்கு ஏங்கி நான் அழுதிருக்கிறேன். அந்த மாதம்தான் முதல் பாட்டில் வந்தது. என் வீட்டு மேஜை மேலேயே எனக்கான பத்தியம் இருந்திருக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றிருக்கிறார்.

"உன் பேரை... என் பேரை எழுதியிருக்கலாமே" என்றேன். வாய் குழறியது.

ரேணுகா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள். "பொட்டலத்து மேல பொம்பள பேர எழுதுனா எங்க ஊர்ல ஒரு மாதிரி பாப்பாங்கக்கா. வூட்டு ஆம்பள பேர்தான் எழுதுவோம். அந்தாளு ஒனக்குக் குடுப்பான்னு நெனச்சேன். ஒங்கம்மா வரலன்னு ஒன் மாமியா சொல்லிச்சு. யாருமில்லாத ஊர்ல புள்ள பெத்துக்கினு கெடக்கறாளேன்னு மனசு கேக்கல. அப்பறம் வருசா வருசம் பழக்கமாப் பூட்டுது."

"என் மேல உனக்குக் கோபம் இல்லையா?"

"கோவமா?" அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் கூண்டு அதிர்ந்தது. "நீ வரலன்னா அந்தாளுக்கு நான்தான் அந்தக் குளுர்ல ஆக்கிப் போட்டுக்கினு கெடக்கணும். அந்தக் கல்யாணம் வேணாம்னு எங்க நைனாகிட்ட நான் சொல்ல பயந்துக்கினு இருந்தப்ப, நீ வந்து கூட்டிக்கினு பூட்ட. அதுக்கு வருசத்துக்கு ஒரு பாட்டில் கம்மிக்கா!"

நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் என் புருஷனை ஒருத்தி வேண்டாம் என்று நினைத்திருந்தாள் என்பது எனக்கு ஏனோ கோபமாகவும் வந்தது. அவருக்கு என்ன குறைச்சல்?

ஃபோனை என்னிடம் கொடுத்தாள். அவர் குரல் கீழே இறங்கியிருந்தது. "ஜெயா, அந்த மாத்திர எந்த டிராயர்ல கீது?" என்றார். ரெண்டாவது டிராயர், கரண்டிகளுக்குப் பின்னால் என்றேன். டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டது. விழுங்கிவிட்டுக் கேட்டார்: "நெசமாவே ஒனக்குன்னுதான் அனுப்புனாளா?"

நான் இத்தனை மாதம் கெஞ்சியும் நடக்காதது அவளுக்கு ஒரே ஃபோனில் நடந்துவிட்டது. சந்தோஷத்தோடு அதுவும் சுருக்கென்று குத்தியது. பொய் சொல்வானேன்.

மறுநாள் மண்டியில் ரேணுகா என் தொக்கைத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டாள். "இதான் நெசமான காட்டுப் பூண்டா? நல்லா கீதுக்கா. வேர்க்கடல போட்டு அரைச்சிருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள். சாப்பிட்டுக்கொண்டே ஒரு டெலிபோனில் ஃபேக்டரிக்காரனைத் திட்டினாள், இன்னொன்றில் மகளிடம் பேசினாள், வாசலில் போகிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் தெருவில் என் பேர் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அவளுடைய மாமாவை நான் எடுத்துக்கொண்டேன் என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். அந்த மத்தியானம் அந்தச் சுழல் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அவளுடைய ஊரையும் ஆட்களையும் அந்தக் குரலையும் பார்த்து எனக்கு வந்த பொறாமை முன்னதை விடப் பெரியது. போகும்போது புது பாட்டிலை என் கையிலேயே கொடுத்தாள்.

அடுத்த வசந்தத்தில் நான் வேர்க்கடலை போட்டுக் காட்டுப் பூண்டுத் துவையல் அரைத்தேன். அவர் 'தான்' போடாமல் நல்லா இருக்குது என்றார். யார் சொன்ன பக்குவம் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

அதே மாதத்தில் ஓட்டலுக்குப் புதிதாக வந்த ஒருவர் துண்டில் சுற்றிய பாட்டிலைக் கொண்டு வந்தார். என் கணவர்தான் வாங்கினார். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார், மறுபடியும் படித்தார், என்னிடம் நீட்டினார். கோணல் மாணலான எழுத்தில் 'ஜெயா, லண்டன்' என்று இருந்தது.

இப்போதெல்லாம் காலையில் அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கிறார். எதிரே நான் பாட்டிலைத் திறந்து, ஒரு பல்லை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று கண்ணைத் திறக்காமலே தெரியும். எப்படிப் பார்ப்பார் என்பதும் தெரியும். இத்தனை வருஷம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அப்படிப் பார்த்தவள் நான்.